எனாமல் ஏன் உரிகிறது, ஏன் ஒட்டுகிறது: ஒரு கேற், ஒரு கதவு, ஒரு குசினிச் சுவர்

மல்லாவிப் பக்கத்திலிருந்து வந்த கேள்வியின் சுருக்கம் இது. தைப்பொங்கலுக்கு ஒரு கிழமை இருக்க, கேற்றுக்கும் கதவு யன்னலுக்கும் குசினிச் சுவரின் கீழ்ப்பாதிக்கும் எனாமல் அடித்திருக்கிறார்கள். பெயின்ற் கட்டியாக இருந்ததால் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறார்கள். இப்போது சித்திரை. கேற்றில் ஓடு ஓடாகக் கழன்று வருகிறது. முன்கதவின் கீழ்ப்பக்கம் இன்னும் கையில் ஒட்டுகிறது. சுவரில் கொப்புளம். இந்த முறை ஆளைப் பிடிக்காமல் தாங்களே அடிக்கப் போகிறார்கள். பிழை பெயின்ற்றிலா, அடித்த விதத்திலா என்பதுதான் கேள்வி.

பெயின்ற்றைச் சந்தேகிக்க இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று இடத்திலும் மூன்று வேறு பிழைகள் நடந்திருக்கின்றன. மூன்றும் பெயின்ற்றுக்கு அடியில் நடந்தவை. அதே ரின்னை அப்படியே திரும்ப அடித்தால் அடுத்த பொங்கலுக்கும் இதே கதைதான்.

முதலில் எனாமல் எப்படி இறுகுகிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள். எமல்ஷனில் இருக்கும் தண்ணீர் போனால் வேலை முடிந்தது. எனாமலில் அப்படி இல்லை. அடித்த நாலைந்து மணித்தியாலத்தில் அதிலுள்ள டர்பன்டைன் பறந்துவிடும், தொட்டால் ஒட்டாது. ஆனால் உள்ளே இருக்கும் எண்ணெய் கலந்த பிசின் அதற்குப் பிறகுதான் காற்றிலுள்ள ஒட்சிசனை இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறுகத் தொடங்கும். அடுத்த கோட் தாங்கும் அளவுக்கு வர 16 முதல் 24 மணித்தியாலம் வேண்டும். நகத்தால் கீறினாலும் தடம் விழாத அளவுக்கு வர ஏழு நாள் வரை போகும். காய்வது வேறு, இறுகுவது வேறு. காற்றுப்படாத தடிப்பான படை, ஈரம், எண்ணெய்ப் பிசுக்கு ஆகிய மூன்றும் இந்த இறுகலைக் கெடுக்கும். ரின்னைத் திறந்து வைத்தால் மேலே ஆடை படிவதும் இதே வேலைதான். அங்கே அது பிழையான இடத்தில் நடக்கிறது.

இனி கேற். உரிந்த ஓடு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அதன் அடிப்பக்கமும் கேற்றும் மண்ணிறமாக இருந்தால் கறள்; சுரண்டாமல் மேலே பூசியிருக்கிறார்கள். அடியில் சாம்பல் நிறத்தில் துப்பரவான உலோகம் மினுங்கினால் அது கல்வனைஸ் குழாய் அல்லது கல்வனைஸ் தகடு. நீங்கள் எழுதியிருப்பதுபோல் பெரிய ஓடுகளாகக் கழருகிறது என்றால் பெரும்பாலும் இரண்டாவதுதான். கல்வனைஸின் மேற்பரப்பில் இருப்பது நாகம் (துத்தநாகம்). எனாமலில் உள்ள எண்ணெய்ப் பிசினோடு நாகம் தாக்கமடைந்து, இரண்டுக்கும் நடுவில் மெல்லிய சவர்க்காரப் படை ஒன்று உருவாகும். அடித்து ஒரு மாதத்துக்கு அழகாக இருக்கும். பிறகு அந்தப் படையில் பிடியில்லாமல் கழரும். எத்தனை கோட் அடித்தாலும், எவ்வளவு விலையான ரின் வாங்கினாலும் இது மாறாது. அடியில் போட வேண்டியது கல்வனைஸுக்கென்று விற்கும் பிறைமர். கடையில் 'பிறைமர்' என்று மட்டும் கேட்டால் சிவப்பு ஒக்சைட்டைத் தூக்கித் தருவார்கள். அது வெறும் இரும்புக்கு. 'கல்வனைஸுக்கு அடிக்கிறது' என்று சொல்லிக் கேளுங்கள், ரின்னில் அப்படி எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

காந்தம் வைத்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கல்வனைஸிலும் உள்ளே இரும்புதான், காந்தம் ஒட்டும். ஒட்டாவிட்டால் அலுமினியம்.

எங்கள் பக்கக் கேற்றுகளில் இன்னொரு சிக்கல்: குழாய் கல்வனைஸ், கம்பி வெறும் இரும்பு, வெல்டிங் அடித்த இடத்தில் நாகம் எரிந்து போயிருக்கும். ஆகவே ஒரே கேற்றில் இரண்டு விதமான உலோகம். முதலில் உரிகிற பெயின்ற் முழுவதையும் எடுங்கள். அரைகுறையாக ஒட்டியிருப்பதை விட்டுவிட்டு மேலே அடித்தால், புதிய பெயின்ற் இறுகும்போது சுருங்கி அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். தட்டையான சுரண்டி, கம்பி பிறஸ், 80 ஆம் இலக்கச் சாண்ட் பேப்பர் இவை போதும். கல்வனைஸ் பகுதியில் கம்பி பிறஸால் உரஞ்ச வேண்டாம், நாகம் போய்விடும். 120 ஆம் இலக்கத் தாளால் மினுக்கம் போகும் வரை இலேசாகத் தேய்த்தால் சரி. பிறகு சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீரால் அலம்பி, ஒரு பகல் முழுக்கக் காயவிடுங்கள். கழுவுவது ஊத்தைக்காக மட்டும் அல்ல. அளம்பில், செம்மலை, கொக்கிளாய் போன்ற கடலோர ஊர்களில் இரும்பில் உப்புப் படிந்திருக்கும். அந்த உப்புக்கு மேலே பெயின்ற் அடித்தால், அது படலத்துக்கு வெளியிலிருந்து ஈரத்தை இழுத்துச் சிறு சிறு கொப்புளங்களை எழுப்பும். உட்புற ஊரான மல்லாவியில் உப்பு இல்லை, ஆனால் கிரவல் தூசி தாராளமாக உண்டு; குழாய் கிடையாகப் போகும் இடங்களின் மேற்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், தெரியும்.

கறள் சுரண்டிய இடங்களுக்கும் வெல்டிங் மூட்டுகளுக்கும் கறளைத் தடுக்கும் அன்ரிகொரோசிவ் பிறைமரை அன்றைக்கே அடித்துவிட வேண்டும். இன்று சுரண்டி நாளை அடிக்கலாம் என்று விட்டால் இரவுப் பனியில் மெல்லிய செம்மை ஏறிவிடும், திரும்ப 120 தாள். பிறைமர் அடித்த கேற்றை அப்படியே மாதக்கணக்கில் விடுவதும் கூடாது. பிறைமர் துளைகள் உள்ள படை; தண்ணீரைத் தடுப்பது மேலே வரும் எனாமல்தான். ஓரிரு கிழமைக்குள் மேல் கோட் இரண்டையும் முடியுங்கள். சிவப்பு ஒக்சைட்டோடு வருடக்கணக்கில் நிற்கும் கேற்றுகளை ஏ-9 வீதியோரம் நிறையப் பார்க்கலாம்; அவற்றுக்கு உள்ளே கறள் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்.

அளவு. 12 அடி அகலம், 5 அடி உயரம் உள்ள தகடு அடித்த கேற்றுக்கு இரு பக்கமும் சேர்த்து 120 சதுர அடி. ஒரு லீற்றர் எனாமல், கையால் பிறஸில் அடிக்கும்போது, ஒரு கோட்டுக்குச் சராசரியாக 110 முதல் 120 சதுர அடி போகும். ரின்னில் இதைவிடக் கூடுதலாக எழுதியிருப்பது மட்டமான மேற்பரப்பில் எடுத்த கணக்கு. ஆகவே கேற்றுக்கு மேல் கோட் இரண்டுக்கும் 2 லீற்றர், பிறைமர் ஒரு லீற்றருக்குக் கொஞ்சம் மேல். 7 அடிக்கு 3 அடிக் கதவு, நிலையும் ஓரங்களும் சேர்த்து ஏறத்தாழ 60 சதுர அடி. ஒரு கோட்டுக்கு அரை லீற்றர். நாலு கதவுக்கு இரண்டு கோட் என்றால் ஒரு 4 லீற்றர் ரின் சரியாக வரும்.

கதவு கொஞ்சம் சிக்கலானது. கீழ்ப்பக்கம் மட்டும் ஒட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் துப்பு. மண்ணெண்ணெய் மட்டும் காரணமென்றால் கதவு முழுக்க ஒட்டியிருக்க வேண்டும். கறையானுக்குப் பயந்து கதவின் அடியிலும் நிலைக்காலிலும் கழிவு ஒயில் பூசும் பழக்கம் வன்னியில் எல்லா இடத்திலும் உண்டு. வேலிக் கட்டைக்கு அது சரி. ஆனால் இயந்திர ஒயில் ஒருநாளும் இறுகாது. அதற்கு மேலே அடித்த எனாமலுக்குள் ஊறி வந்து அதையும் இறுக விடாது. தார் பூசிய மரத்திலும் இதே தொல்லை, அங்கே கூடுதலாக மண்ணிறக் கறையும் மேலே ஊறி வரும்.

சோதிக்க வழி இருக்கிறது. ஒட்டுகிற பெயின்ற்றை ஓரிடத்தில் மரம் தெரியச் சுரண்டி, அதில் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். தண்ணீர் பரவி உறிஞ்சப்பட்டால் மரம் சுத்தம். தாமரையிலைத் தண்ணீர்போல முத்தாக நின்றால் எண்ணெய். எண்ணெய் இருந்தால் அந்தப் பகுதியை முழுக்கச் சுரண்டி, தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஒவ்வொரு முறையும் புதுத் துணித்துண்டு; ஒரே துணியால் துடைத்தால் எண்ணெயை இடம் மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான். இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு இதைச் செய்து, திரும்பத் துளி விட்டுப் பாருங்கள். பரவினால், எண்ணெய்ப் பிடிப்பான மரத்துக்கென்று வரும் அலுமினியப் பிறைமர் அல்லது ஷெலாக் (அரக்குப் பூச்சு) ஒரு கோட் அடித்து அடைத்துவிட்டு மேலே போகலாம். வருடக்கணக்காக ஊறிய ஒயில் என்றால் எத்தனை தரம் துடைத்தாலும் முத்தாகத்தான் நிற்கும். அப்போது அந்த அரை அடியைப் பெயின்ற் இல்லாமல் விடுவதோ, ஒரு அலுமினியத் தகட்டை ஆணியால் அறைந்து மறைப்பதோதான் புத்தி. அதோடு மல்லுக்கட்டுவது வீண் செலவு.

தேக்கிலும் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. அடிக்க முதல் ஒரு தரம் தின்னரால் துடைத்தால் போதும். முதிரைக் கதவென்றால் எனாமல் அடிப்பதே பாவம், வார்னிஷ் அடியுங்கள். பாலையோ வேம்போ என்றால் மரம் பச்சையா என்று பாருங்கள். மாரி முடிந்த கையோடு அரிந்த பலகையில் செய்த கதவுக்கு எனாமல் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெய்யிலில் வெளியேற வழி தேடிப் பெயின்ற்றைத் தூக்கும்.

வெறும் மரத்துக்கு ஒழுங்கு இதுதான். 120 தாளால் மரநாரின் போக்கிலேயே தேய்த்து, தூசியை ஈரத்துணியால் எடுத்து, காய்ந்த பிறகு மரப் பிறைமர். லீற்றருக்கு 100 மில்லிலீற்றர் டர்பன்டைன் கலந்தால் மரத்துக்குள் இறங்கும். அது காய்ந்த பிறகுதான் புட்டி. இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். வெறும் மரத்தில் புட்டி வைத்தால் மரம் புட்டியிலுள்ள எண்ணெயை உறிஞ்சிவிடும். புட்டி பொருக்காகி உதிரும். சுவருக்கு வைக்கும் வோல் புட்டியை மரத்துக்கு வைக்க வேண்டாம். கதவு வெய்யிலுக்கும் மழைக்கும் விரிந்து சுருங்கும், அது வெடிக்கும். புட்டியை 180 தாளால் மட்டமாக்கி, புட்டி வைத்த இடங்களுக்கு மட்டும் திரும்பப் பிறைமர் தொட்டுவிட்டு, பிறகு மேல் கோட். இரண்டு கோட்டுக்கும் நடுவில் 240 தாளால் இலேசான ஒரு தேய்ப்பு. மினுக்கத்தின் மேல் மினுக்கம் பிடிக்காது.

கதவின் தலை ஓரமும் அடி ஓரமும் யாருக்கும் தெரியாது, ஆகவே யாரும் அடிப்பதில்லை. தண்ணீர் ஏறுவது அங்கேதான். வெட்டுமுகத்தில் மரநார் சிறு குழாய்கள்போலத் திறந்திருக்கும். கதவைப் பிணைச்சலிலிருந்து கழற்றி, அடி ஓரத்துக்குப் பிறைமர் இரண்டு கோட் கொடுங்கள். விறாந்தை இல்லாத வீட்டுக் கதவுகள் மாரிக்கு ஊதி, அடைபடாமல் நிற்பதற்குப் பாதிக் காரணம் இந்த அடிக்காத ஓரம்.

மண்ணெண்ணெய் பற்றி. பிறஸ் கழுவ நல்லது, கலக்க நல்லதில்லை. டர்பன்டைனைவிட மிக மெதுவாகப் பறக்கும், ஆகவே படலம் நாள்கணக்கில் இளகிய நிலையில் நின்று தூசியை வாங்கும், மினுக்கமும் மங்கும். பெற்றோல் கலப்பவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றி ஒரே சொல்: வேண்டாம். தீ ஒருபக்கம், படலம் வெளுத்துப் பொடியாவது மறுபக்கம். தின்னர் என்று விற்பதிலும் கவனம் தேவை. வாகனத்துக்கு ஸ்பிறே அடிக்கும் பெயின்ற்றோடு போகும் தின்னர் எனாமலைத் திரிய வைக்கும், கீழேயுள்ள பழைய கோட்டைச் சுருட்டி எழுப்பும். துடைக்க அதைப் பாவியுங்கள், கலக்க டர்பன்டைன் மட்டும். மேல் கோட்டுக்கு லீற்றருக்கு 50 மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம். உண்மையில் பெயின்ற் கட்டியாக இருந்ததற்குக் காரணம் பெரும்பாலும் கலக்காததுதான். நிறத்தூள் அடியில் அடைந்திருக்கும். தட்டையான பலகைத் துண்டால் அடியிலிருந்து கிளறி மேலே தூக்கித் தூக்கி ஐந்து நிமிடமாவது கலக்குங்கள். ஈர்க்கிலாலும் தடியாலும் சுற்றினால் மேலே உள்ளதுதான் சுற்றும். பழைய ரின் என்றால் மேலே உள்ள ஆடையைக் கலக்காமல் வெட்டி எடுத்து, மிகுதியைப் பழைய நைலோன் சீலைத்துண்டால் வடித்து, ஒரு பால்மாப் பேணியில் தேவையான அளவு மட்டும் ஊற்றி வேலை செய்யுங்கள். பெரிய ரின்னை மூடியே வையுங்கள்.

அடிக்கும்போது பிறஸின் மயிரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோய்க்க வேண்டாம். மெல்லிய இரண்டு கோட், தடிப்பான ஒன்றைவிட எப்போதும் நல்லது. தடிப்பாக அடித்தால் மேலே ஆடை படிந்துவிடும், உள்ளே காற்றுப் போகாது, சில நாளில் கிழவியின் முகம்போலச் சுருங்கும். நிமிர்ந்த பக்கங்களில் வழிந்து கண்ணீர்போல நிற்கும். முதலில் குறுக்காகப் பரப்பி, பிறகு நெடுக்காக நுனிப் பிறஸால் ஒரே இழுவையில் முடித்து, கையை எடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து 'இந்த இடம் சரியில்லை' என்று திரும்பத் தடவினால் பிறஸ் கோடு நிரந்தரமாக நிற்கும். நிலைக்கு இரண்டு அங்குலப் பிறஸ், கதவுப் பலகைக்கு இரண்டரை அல்லது மூன்று, யன்னல் கம்பிக்கு ஒரு அங்குலம். கறுப்புப் பன்றிமயிர்ப் பிறஸ்தான் எனாமலுக்கு. புதுப் பிறஸைச் சவர்க்காரத்தால் கழுவிக் காயவைத்து, உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டினால் கழரவேண்டிய மயிரெல்லாம் முதலிலேயே கழன்றுவிடும்.

சுவரைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் என் முடிவு அங்கே எனாமல் வேண்டாம் என்பதுதான். சீமெந்தில் காரம் உண்டு. ஈரத்தோடு சேர்ந்து எனாமலின் எண்ணெயைச் சவர்க்காரமாக்கும். புதுச் சீமெந்துப் பூச்சு குறைந்தது 28 நாள் காய வேண்டும். பழைய சுவரென்றால் நிலத்திலிருந்து ஈரம் ஏறுகிறதா என்று பாருங்கள்: ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் ரேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம். எனாமல் அந்த ஈரத்தை வெளியே விடாது, ஆகவே கொப்புளம். சுரண்டி எடுத்துவிட்டு, சுவரை ஒரு கோடை முழுக்க மூச்சு விடவிட்டு, சுண்ணாம்போ எமல்ஷனோ அடியுங்கள். கரிப்பிடிப்பைக் கழுவ வசதியாக இருக்கும் என்றுதான் குசினிக்கு எனாமல் அடிக்கிறார்கள். காய்ந்த சுவரில் காரம் தாங்கும் பிறைமர் போட்டு அடித்தால் அது நடக்கும். ஈரச் சுவரில் நடக்காது. வெள்ளை எனாமல் வெளிச்சமில்லாத குசினியில் மஞ்சளாகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எப்போது அடிப்பது? பொங்கலுக்கு முதல் அடிக்கும் வழக்கம் மனதுக்கு நல்லது, எனாமலுக்குக் கூடாத காலம். மாரி அப்போதுதான் ஓய்ந்திருக்கும், மரம் ஊறியிருக்கும், இரவில் பனி கொட்டும். மாலையில் அடித்த கோட்டில் பனி விழுந்தால் காலையில் வெள்ளை பாய்ந்து மங்கியிருக்கும். மாசியும் பங்குனியும்தான் இங்கே பெயின்ற் மாதங்கள். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று கிளம்பிவிட்டால் கிரவல் தூசி ஈரப் பெயின்ற்றில் சாண்ட் பேப்பர்போல ஒட்டும். இப்போது சித்திரை என்பதால் உங்களுக்கு மூன்று நாலு கிழமை இருக்கிறது, ஆனால் சித்திரைச் சிறுமாரி பின்னேரம் இடியோடு வரும். காலை எட்டரை ஒன்பதுக்குப் பனி காய்ந்த பின் தொடங்கி, வெளிவேலையை மதியத்தோடு முடியுங்கள். வெய்யிலில் நிற்கும் கேற்றில் கைவைக்க முடியாவிட்டால் பிறஸும் வைக்க வேண்டாம். டர்பன்டைன் ஒரேயடியாகப் பறந்து சிறு குமிழிகள் விட்டுப் போகும். நிழல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அடியுங்கள்.

பழைய வீடென்றால் பழைய பெயின்ற்றைக் காய்ந்தபடி தேய்க்க வேண்டாம். இலங்கையில் பெயின்ற்றில் எவ்வளவு ஈயம் இருக்கலாம் என்ற வரம்பு 2013 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய எனாமலில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தாங்கும் தாளை நனைத்துத் தேய்த்து, கீழே விரித்த பொலித்தீனோடு சேர்த்துச் சுருட்டி எடுங்கள். சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக்கூடாது.

வீட்டுக்குள் அடிக்கும் நாளில் யன்னலெல்லாம் திறந்திருக்க வேண்டும், அந்த அறையில் அன்றிரவு யாரும் படுக்கக்கூடாது. டர்பன்டைன் ஆவி காற்றைவிடப் பாரமானது, நிலத்தோடு ஊர்ந்து போகும். விறகடுப்பு, சாமியறை விளக்கு, நுளம்புத்திரி மூன்றும் இருப்பது அந்த உயரத்தில்தான். எனாமலும் வார்னிஷும் துடைத்த துணிகளைக் கசக்கிக் குவித்து மூலையில் போட்டால் இறுகும்போது வெளிவரும் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கலாம். ஆளிவிதை எண்ணெய் என்றால் இது மிகச் சுலபமாக நடக்கும். கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள். கையில் பட்டதைத் தேங்காய் எண்ணெயால் தேய்த்துச் சவர்க்காரம் போட்டால் போகும், தின்னர் தேவையில்லை.

பிறஸை அன்றைக்கே மண்ணெண்ணெயில் இரண்டு தரம் அலசி, சவர்க்காரத்தால் கழுவுங்கள். நாளையும் வேலை இருந்தால் கழுவாமல் பொலித்தீனில் இறுக்கிச் சுற்றி வைத்தால் போதும். அலசிய மண்ணெண்ணெயைப் போத்தலில் மூடி வைத்தால் ஒரு கிழமையில் நிறத்தூள் அடியில் படிந்து மேலே தெளிவாகும், அடுத்த தரம் பாவிக்கலாம். கிணற்றடியிலோ வாழையடியிலோ ஊற்ற வேண்டாம்; குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். மிஞ்சிய எனாமலைச் சின்னப் பேணிக்கு மாற்றினால் உள்ளே காற்று குறையும், ஆடை படியாது. ஒரு தேக்கரண்டி டர்பன்டைனை மேலே கலக்காமல் விட்டு, விளிம்பைத் துடைத்து, மூடியைத் தட்டி இறுக்குங்கள்.

கதவை மாட்டிய பிறகு ஒரு கிழமைக்கு முழுக்கச் சாத்திப் பூட்ட வேண்டாம். இரவில் சாத்தத்தான் வேண்டுமென்றால், நிலையும் கதவும் தொடும் ஓரத்தில் ஒரு பொலித்தீன் கீற்றை வைத்துச் சாத்துங்கள். இல்லாவிட்டால் காலையில் திறக்கும்போது நிலையின் பெயின்ற் கதவோடு வரும்.